‘வாரேன்’ என்று சொல்லக் கூடாது

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன், வீட்டை வாங்கிப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டான். அவன் அழகுபாண்டியைப் பார்த்ததில்லை, அதனால்தான். மதுரையில் வீட்டுத் தரகு பார்த்துத்தான் என் தலை நரைத்தது. முதல் வீடு வாங்க வருகிறவர்கள் பயப்படுவது எனக்குப் புதிதில்லை. சிலருக்குத் தூக்கம் போகும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சிலர் பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். அதெல்லாம் அவரவர் வீட்டுக்குள் நடக்கிற கதை. அழகுபாண்டி தன் பயத்தை ஊர் முழுக்கப் பங்கு வைத்தான்.

என் பெயர் உமர் பாரூக். காஜிமார் தெருவில் இருக்கிறேன். வாங்குகிறவர், விற்கிறவர் எல்லோருக்கும் நான் பாய்தான். அழகுபாண்டி பரவை மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவன். சொந்த ஊர் செக்கானூரணிப் பக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடுகளிலேயே குப்பை கொட்டியவன். அவன் மனைவி மீனாவிடம் ஒவ்வொரு வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு கதை இருந்தது. ஒருத்தர் தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைப்பாராம். கடைசி வீட்டுக்காரி, ஊரிலிருந்து யாராவது வந்து தங்கினால், காலையில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை எண்ணுவாளாம்.

“எங்க அம்மா வந்தாக்கூடக் கணக்குச் சொல்லணும் பாய்” என்றாள் மீனா. “யாரும் வந்து எட்டிப் பாக்காத வீடா ஒண்ணு காட்டுங்க. பெருசால்லாம் வேணாம்.”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எனக்கு அவள் மேல் இரக்கம்கூட வந்தது. ஆனையூரில் மொக்கைச்சாமியின் வீட்டைக் காட்டினேன்.

மொக்கைச்சாமி லேத் பட்டறை வைத்திருந்தவர். தானே பக்கத்தில் நின்று, செங்கலைத் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்துக் கட்டிய வீடு அது. அவருடைய மனைவி மலையம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போனது. டயாலிசிஸ், மருந்து, ஆஸ்பத்திரி என்று பட்டறை முதலில் போனது. இப்போது வீட்டை விற்றுவிட்டு ஆண்டிபட்டியில் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவு. விற்ற பணத்தில்தான் மேற்கொண்டு வைத்தியம்.

பேரம் சுலபமாக முடிந்தது. பயம்தான் முடியவில்லை. அழகுபாண்டி முதல் நாள் வந்து சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். மறுபடி வந்து மொட்டை மாடியில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே ஓடிவந்து ஹாலில் மல்லாந்து படுத்து மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் இஸ்திரி போடுகிறவர் வரைக்கும் விசாரித்தான். ஒரு வக்கீல் பத்திரத்தைப் பார்த்துச் சரி என்றார். அந்த வக்கீல் சரியா என்று பார்க்க இன்னொரு வக்கீலைப் பிடித்தான். யூடியூபில் யாரோ கத்திக் கத்திச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, விடிந்தும் விடியாமலும் எனக்குப் போன் போடுவான்.

“இன்ஷா அல்லாஹ், வர்ற மாசம் ரிஜிஸ்டர் முடிச்சிரலாம் தம்பி” என்று ஒரு நாள் சொன்னேன்.

“என்ன பாய், சந்தேகமாச் சொல்றீங்க?”

“சந்தேகம் இல்ல தம்பி. ஆண்டவன் நாடினா நடக்கும்னு அர்த்தம்.”

“நாடலைன்னா?”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு வெளிச்சத்திலும் பேய் தெரிந்தது.

இத்தனைக்கும் அவன் வரும்போதெல்லாம் மலையம்மாள் காப்பி போட்டுக் கொடுப்பார். கை வீங்கியிருக்கும், மூச்சு வாங்கும், இருந்தாலும் தானே போட்டால்தான் திருப்தி. அந்த அம்மாவை வைத்துக்கொண்டே ஒரு நாள் கேட்டான்.

“இந்த வீட்ல யாரும் செத்திருக்காங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. மொக்கைச்சாமி எழுந்து உள்ளே போய்விட்டார். மலையம்மாள் சிரித்தார்.

“இன்னும் இல்லப்பா. நாந்தான் க்யூவுல மொத ஆளு. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

அவன் சிரிக்கவில்லை. அப்பாடா என்று மூச்சை விட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தான். அப்போதே அவனை நான் வெறுக்க ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். தரகனுக்கு வெறுப்பெல்லாம் கட்டுப்படியாகாது, அதனால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மலையம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது நிலைக்கதவில் உள்ளங்கையை வைத்து, வீட்டைப் பார்த்து, “போயிட்டு வாரேன்” என்பார். அங்கே போனதும், ஊசி குத்துகிற அறைக்குள் நுழையும் முன், வெளியே உட்காரப்போகிற புருஷனைத் திரும்பிப் பார்த்து, “வாரேங்க” என்பார். நம் பக்கத்தில் யாருமே கிளம்பும்போது போறேன் என்று சொல்வதில்லை. கடைக்குப் போகிறவனும் வாரேன் என்பான், கோபித்துக்கொண்டு போகிறவனும் வாரேன் என்பான். அவருக்கு மட்டும் அது வெறும் பழக்கமாக இல்லை.

“சொல்லிட்டுப் போனா திரும்பி வந்தாகணும்ல பாய்? சொன்ன சொல்லுல்ல?” என்றார் ஒரு தடவை. “இதுவரைக்கும் ஒரு நாளும் பொய்யாகல.”

இப்படி இருக்கையில்தான் மண்டியில் எடை போடுகிற கண்ணுச்சாமி என்பவர் அழகுபாண்டிக்கு ஒரு சாஸ்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீட்டை விற்றவர்கள் கடைசியாகப் படியிறங்கும்போது ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனால் அந்த வீடு அவர்களுக்காகக் காத்துக்கொண்டே இருக்குமாம். வாங்கினவனுக்கு அண்டாதாம். தொழிலுக்கு வந்த நாளாக இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. மூட்டைகளுக்கு நடுவே பொழுது போகாமல் அந்த மனுஷன் கிளப்பிவிட்டது. அதைக் கேட்ட காதோ வெங்காயம் விலை இறங்குமோ ஏறுமோ என்று எந்நேரமும் நடுங்குகிற காது.

பதிவுக்கு டோக்கன் போட்ட நாளில் காலையிலேயே சாமான்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் காரில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து, கையெழுத்தை முடித்துவிட்டு, அப்படியே ஆண்டிபட்டிக்குப் போவதாக ஏற்பாடு. வாசலில் கார் நின்றது. நான், அழகுபாண்டி, மீனா மூன்று பேரும் வெளியே நின்றோம். மொக்கைச்சாமி வீட்டைப் பார்க்காமல் காரின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். மலையம்மாள் மெதுவாக வெளியே வந்து, திரும்பி, நிலைக்கதவில் கையை வைத்தார்.

“அம்மா, ஒரு நிமிசம்” என்று அழகுபாண்டி ஓடினான். “வாரேன்னு சொல்லிராதீங்க.”

“பெறகு என்னப்பா சொல்ல?”

“போறேன்னு சொல்லுங்க. வீட்டப் பாத்துச் சொல்லிட்டுப் போயிருங்க.”

விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உதடெல்லாம் காய்ந்து, கண் சிவந்து, முந்தின இரவெல்லாம் இதையே நினைத்துப் புரண்டிருக்கிறான் என்பது தெரிந்தது. கண்ணுச்சாமி சொன்னதை ஒரே மூச்சில் கொட்டினான்.

“பத்திரத்துல கையெழுத்தாயிட்டா வீடு உங்களுது தம்பி” என்றேன். “வாய் வார்த்தையில என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லைல்ல பாய்? அப்பச் சொல்லிட்டுப் போகட்டுமே.”

பயந்தவனுடைய புத்தி அப்படித்தான் கத்தியாக இருக்கும்.

மலையம்மாள் கையை எடுக்கவில்லை. “நாளைக்கு எனக்கு டயாலிசிஸ்ப்பா” என்றார். “ரத்தத்தப் பூரா வெளிய எடுத்து உள்ள விடுறாங்க. அந்தப் படுக்கைக்குப் போற ஆளு, எவ வாயில அந்த வார்த்தை வரும்? வேற என்ன வேணாலும் சொல்றேன். வீடு உங்களுது, நல்லா இருங்கன்னு சொல்றேன். சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன். இதை மட்டும் கேக்காத.”

“ஏங்க, ஒடம்பு முடியாதவுக. விடுங்க” என்றாள் மீனா. நான் நிம்மதியானேன். வீட்டில் ஒருத்தருக்காவது மனசு இருக்கிறதே என்று நினைத்தேன்.

அழகுபாண்டி அவள் பக்கம் திரும்பினான். “இந்த வீட்லயும் யாராவது நின்னு நம்ம தலைய எண்ணணுமா? கண்ணுக்குத் தெரியாம நின்னு எண்ணுவாங்க. பரவால்லயா?”

மீனாவின் முகம் மாறியது. அத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டில் பட்டதெல்லாம் அந்த ஒரு நொடியில் அவள் முகத்துக்கு வந்தது. மலையம்மாள் மேல் அவளுக்கு என்ன கோபம்? ஒன்றும் கிடையாது. மோட்டாரைப் பூட்டியவரிடமும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவளிடமும் கேட்க முடியாததை, படியில் மூச்சு வாங்க நின்ற ஒரு நோயாளியிடம் கேட்டாள்.

“சொல்லிருங்கம்மா. நீங்க மக வீட்டுக்குப் போயிருவீங்க. நாங்கதான இதுக்குள்ள கெடக்கணும்.”

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனைக் கடித்த கதை என்பார்கள். சுவரைத் தட்டிப் பார்த்து, கூரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, கடைசியில் ஒருத்தியின் உயிரைத் தட்டிப் பார்க்கிற இடத்துக்கு அந்தப் பயம் வந்து சேர்ந்தது.

“அப்ப இன்னைக்கு ரிஜிஸ்டர் வேணாம் பாய்” என்றான் அழகுபாண்டி. “எனக்கு மனசு ஒப்பல. பெறகு பாப்போம்.”

நான் கத்தினேன். பேங்க் லோன் பாஸாகி எல்லாம் தயாராக இருக்கிறது, சாமானையெல்லாம் ஏற்றி அனுப்பியாயிற்று, உடம்பு முடியாத அம்மாவை நடுத்தெருவில் நிறுத்துகிறாயா, மனுஷனா நீ என்றெல்லாம் கத்தினேன். அவன் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். மொக்கைச்சாமி காரை விட்டு வந்து அவன் கையைப் பிடித்தார். வயசில் எவ்வளவோ மூத்தவர், தம்பி தம்பி என்று கெஞ்சினார். ஆஸ்பத்திரியில் இந்த வாரம் பணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். அழகுபாண்டி கையை உருவிக்கொண்டான்.

அப்போது மொக்கைச்சாமி ஒரு காரியம் செய்தார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அழகுபாண்டியை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“சொல்லிரேன் மலையா. ஒத்த வார்த்தைதான? சொல்லிட்டு வந்து கார்ல ஏறு.”

மலையம்மாள் நிலைக்கதவிலிருந்து கையை எடுத்தார். வீட்டைப் பார்க்கவில்லை. அழகுபாண்டியையும் மீனாவையும் பார்க்கவில்லை.

“நீங்களா சொல்லச் சொல்றீங்க?” என்று புருஷனைக் கேட்டார்.

“வேற வழி இல்லைல்ல?”

“சரி.” புருஷன் முகத்தைப் பார்த்தே சொன்னார். “போறேங்க.”

மலையம்மாள் தானே நடந்து போய்க் காரில் ஏறி உட்கார்ந்தார். “வீட்டப் பாத்துல்ல பாய் சொல்லணும்...” என்று அழகுபாண்டி இழுத்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன். அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

பதிவு முடிந்தது. அழகுபாண்டிக்கு அப்படி ஒரு மலர்ச்சி. எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். காருக்கும் இரண்டு கொண்டுபோனான், அவர்கள் கண்ணாடியை இறக்கவில்லை. அன்றிரவு படுத்தவன் விடிந்துதான் எழுந்தானாம், அவனே சொன்னான். பால் காய்ச்சும்போது என்னையும் கூப்பிட்டார்கள். கேசரி, வடை, வாசலில் வாழை மரம். மீனா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். பாவம் செய்தவர்களுக்குத் தூக்கம் வராது என்று எவன் சொன்னான்? அவர்கள் வீட்டில் குறட்டைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

மழைக்காலம் முடிந்த பிறகு மொக்கைச்சாமி என்னைத் தேடி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மலையம்மாள் இறந்துவிட்டார். வார்த்தையால் யாரும் சாவதில்லை, எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. நோய்தான் கொண்டுபோனது, டாக்டர்களும் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் சொல்ல வந்தது சாவைப் பற்றி இல்லை.

“அன்னைக்குப் பெறகு எங்கிட்ட வாரேன்னு ஒரு தடவகூடச் சொல்லல பாய்” என்றார்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“ஒவ்வொரு தடவையும் ஊசி குத்துற ரூமுக்குப் போறப்ப, கதவுகிட்ட நின்னு திரும்பிப் பாத்து, போறேங்கன்னு சொல்லுவா. வாரேன்னு சொல்லு மலையான்னு கால்ல விழாத கொறையாக் கெஞ்சினேன். நீங்கதான சொல்லச் சொன்னீங்க, பழகிப்போச்சும்பா. கோவமாச் சொன்னாத் தாங்கிக்கலாம். சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அவ உள்ள இருக்குற நேரம் பூரா வெளிய உக்காந்து செத்துச் செத்துப் பொழப்பேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தா. கடைசித் தடவ போறேன்னவ வரல.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, அந்த வாசலில் நின்றவர்களில் நீங்கள் ஒருத்தர்தான் எனக்காகப் பேசினீர்கள், அதனால் வந்தேன் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மனசு ஆறவே இல்லை.

அடுத்த வாரம் பரவையில் ஒரு இடம் பார்க்கப் போனவன் மண்டிக்குள் நுழைந்தேன். அழகுபாண்டி நன்றாக இருந்தான். சற்றுச் சதை போட்டிருந்தான். டீ வரவழைத்தான். மாடியில் ஒரு ரூம் எடுக்கலாம் என்று இருக்கிறேன், சொந்த வீடு என்றால் சொந்த வீடுதான் பாய், வெளியூர் போனாலும் எப்போதடா வீட்டுக்கு வருவோம் என்று இருக்கிறது என்றான். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னேன், மலையம்மாள் இறந்துவிட்டதை.

அடப்பாவமே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் டீயைக் குடித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

“எங்க வச்சு?” என்றான்.

“ஆஸ்பத்திரியில.”

“அப்பச் சரி” என்றான். பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதினான். பிறகு அதை வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டான்.

“பாய், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தம்மா போறேன்னு சொன்னப்ப, ரெண்டு காலும் வாசப்படிக்கு வெளியதான இருந்துச்சு?”

பழைய முகம் திரும்பி வந்திருந்தது. உதடு காய ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாவின் இரண்டு காலும் வெளியேதான் இருந்தன. செருப்பைக்கூடப் போட்டிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவன் நான், எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், இவன் ஆயுசுக்கும் நிம்மதியாகத் தூங்குவான்.

“ஒரு கால் உள்ளதான் இருந்துச்சு தம்பி” என்றேன்.

“இல்லையே பாய். படியில எறங்கி நின்ன மாதிரில்ல ஞாபகம்?”

“எறங்கினாங்க. நீங்க கூப்பிட்டதும் ஒரு கால எடுத்து மறுபடி உள்ள வச்சாங்க. இடது காலு. வச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியில் வேர்வை கோத்தது. அந்தப் படியை, அந்தக் காலை, இனி ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்து தாண்டும்போது பார்ப்பான் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு துளியும் இரக்கம் வரவில்லை.

“மீனாகிட்டச் சொல்லிராதீங்க பாய்” என்றான். குரல் உடைந்திருந்தது. “அவ தாங்க மாட்டா. பகல் பூரா அந்த வீட்ல தனியா இருக்கிறவ.”

சொல்லமாட்டேன் என்றேன். டீயைக் குடித்து முடித்து வெளியே வந்தேன். வெங்காய லாரிகளைத் தாண்டி, சத்தம் குறைவாக இருந்த ஒரு சுவரோரம் நின்று, மீனாவுக்குப் போன் போட்டேன்.